நாள் எண்ணியவளும் கணக்கு வைத்தவர்களும்

கருவுற்ற பெண்ணைப் பற்றித் தமிழ் வீடுகளில் காலங்காலமாகச் சொல்லும் வார்த்தை, 'முழுகாமல் இருக்கிறாள்' என்பது. மாதவிலக்கு முடிந்து தலைமுழுகுவது நடக்கவில்லை, ஆகவே கரு தங்கியிருக்கிறது என்பது அதன் பொருள். ஒரு பெண்ணின் உடம்பில் நடப்பதை, அவள் செய்யாமல் விட்ட ஒரு குளியலை வைத்து வீடே கண்டுகொண்டது. தூரம், தீட்டு, வீட்டுக்கு விலக்கு, தலைக்குக் குளித்தல், நாள் தள்ளிப்போதல் என்று இந்தச் சுழற்சியைச் சுற்றி எத்தனையோ சொற்கள் நம்மிடம் உண்டு. இரத்தப்போக்கு நாட்களுக்குப் பெயர் இருக்கிறது, அது நின்றுபோன நிலைக்கும் பெயர் இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் நடுவே, கரு தங்கக்கூடிய அந்தச் சில நாட்களுக்கு மட்டும் பேச்சுத் தமிழில் ஒரு பெயரும் வேரூன்றவில்லை. இன்றைய இளம்பெண்கள்கூட 'சேஃப் டேஸ்' என்று ஆங்கிலத்தில்தான் சொல்கிறார்கள். பெண்கள் நாள் எண்ணத் தெரியாதவர்களாக இருந்ததில்லை. மூன்றாம் நாள், ஐந்தாம் நாள், முப்பதாம் நாள் என்று வாழ்நாளில் பாதியை எண்ணிக்கொண்டே கழித்தவர்கள் அவர்கள். அந்த எண்ணிக்கையிலிருந்து பிறக்கும் கணக்கு மட்டும் எப்போதும் வேறு யாரிடமோ இருந்தது. குடும்பத்திடம், சாத்திரத்திடம், மருத்துவரிடம், திருச்சபையிடம், அரசாங்கத்திடம் இருந்தது. வேண்டாத கர்ப்பத்தைப் பற்றிய அச்சம் ஏன் இவ்வளவு நீண்ட காலம் ஆறாமல் இருந்தது என்பதற்கான காரணத்தை இந்த இடைவெளியில்தான் தேட வேண்டும் என்று நினைக்கிறேன்.

'நம் முன்னோர்களுக்கு இதெல்லாம் தெரியுமே' என்று சிலர் சொல்வார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. தொல்காப்பியத்தின் கற்பியலில் ஒரு விதி இருக்கிறது. பரத்தையை நாடிப் பிரிந்திருக்கும் கணவனாயினும், மனைவிக்கு மாதவிலக்கு வந்த பின் வரும் பன்னிரண்டு நாட்கள் அவளை விட்டு அகன்றிருக்கக் கூடாது என்பது அது. கரு தங்கும் காலம் இதுவே என்ற எண்ணத்தில்தான் உரையாசிரியர்களும் அதை விளக்கினார்கள். மனுஸ்மிருதி பதினாறு இரவுகளை ருது காலம் என்று வகுத்து, அவற்றில் முதல் நான்கை விலக்கியது. சுசுருத சங்கிதையும் பன்னிரண்டு இரவுகளைக் குறிப்பிட்டு, அதற்குப் பின் கருப்பை கருவை ஏற்காது என்றது. இன்றைய அறிவை வைத்துப் பார்த்தால், இருபத்தெட்டு நாள் சுழற்சியுள்ள பெண்ணுக்குக் கரு தங்க வாய்ப்புள்ள நாட்கள் ஏறக்குறைய ஒன்பதிலிருந்து பதினான்கு வரை. பழைய நூல்கள் வகுத்த காலத்துக்குள் அந்த நாட்கள் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன. இது சிறிய விஷயம் அல்ல. ஆனால் இந்த அறிவு எதற்காக எழுதி வைக்கப்பட்டது என்று கேட்க வேண்டும். தொல்காப்பிய விதி கணவனைப் பார்த்துச் சொல்லப்படுகிறது. வம்சம் தவறிப்போகாதிருக்க அவன் எப்போது வீட்டில் இருக்க வேண்டும் என்பதே அதன் அக்கறை. கருவுற விரும்பாத பெண் அந்த நாட்களை என்ன செய்யலாம் என்ற கேள்வி அங்கே எழவே இல்லை. இரட்டைப்படை இரவில் ஆணும் ஒற்றைப்படை இரவில் பெண்ணும் பிறக்கும் என்று மனு அதே மூச்சில் சொல்லிவிடுவதால், கண்டறிந்தது எது, ஆசைப்பட்டது எது என்று பிரித்துப் பார்க்கவும் வழியில்லாமல் போனது. சரியான நாட்களைச் சுற்றி வளைத்த நூல்கள், அவை ஏன் சரி என்பதை அறிந்திருக்கவில்லை. காரணம் தெரியாத அறிவை ஒருவர் தன் தேவைக்கேற்பத் திருப்பிப் பயன்படுத்த முடியாது.

மேற்கில் நிலைமை இதைவிட மோசம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க மருத்துவர் சொரானஸ், மாதவிலக்கு முடியும் தறுவாயில்தான் கரு எளிதாகத் தங்கும் என்று எழுதினார். கருவுற விரும்பாதவர்கள் அப்போது விலகியிருக்கட்டும் என்றும் சொன்னார். பதினேழு நூற்றாண்டுகள் கழித்து, நுண்ணோக்கியைக் கையில் வைத்திருந்த விஞ்ஞானிகளும் ஏறக்குறைய அதே முடிவுக்கு வந்தார்கள். 1827இல் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர் பாலூட்டிகளின் கருமுட்டையை ஒரு நாயின் உடலில் கண்டுபிடித்தார். 1843இல் பிஷோஃப் என்ற ஜெர்மானியர், நாய்களில் சினைப்பருவத்தை ஒட்டியே முட்டை வெளிப்படுகிறது என்று காட்டினார். நாய்க்குச் சினைப்பருவத்தில் இரத்தம் கசியும். பெண்ணுக்கும் மாதந்தோறும் இரத்தம் வருகிறது. ஆகவே மனிதப் பெண்ணின் மாதவிலக்கும் சினைப்பருவமும் ஒன்றே என்று முடிவு கட்டிவிட்டார்கள். கண்ணுக்குத் தெரிந்த அடையாளம் ஒன்றாக இருந்தாலும் அதன் பொருள் நேர் எதிரானது. நாய்க்கு வரும் கசிவு, முட்டை வெளிவரப் போகிறது என்பதற்கான முன்னறிவிப்பு. பெண்ணுக்கு வரும் போக்கு, முட்டை வந்து கருவாகாமல் வீணாகி, அதற்காகத் தயாரான கருப்பையின் உள்தோல் உரிந்து வெளியேறுவது. ஒன்று தொடக்கம், மற்றது முடிவு. இந்தத் தவறின் விளைவாக, இரண்டு மாதவிலக்குகளுக்கு நடுவிலுள்ள நாட்கள்தான் அபாயம் இல்லாதவை என்று மருத்துவர்கள் அறிவுரை சொன்னார்கள். உண்மையில் கரு தங்குவதற்கு மிகவும் ஏற்ற நாட்கள் அவை. அந்த அறிவுரையை நம்பிய குடும்பங்களில் எத்தனை குழந்தைகள் பிறந்திருக்கும் என்று எந்த ஏட்டிலும் பதிவு இல்லை. சரியாக எண்ணத் தெரியவில்லை என்று அந்தப் பெண்கள் தங்களையே நொந்துகொண்டிருப்பார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

இந்தத் தவறான கணக்குக்குச் சென்னையோடு நேரடித் தொடர்பு உண்டு. 1877இல் லண்டனில் நாத்திகச் சிந்தனையாளர்களான சார்லஸ் பிராட்லாவும் அன்னி பெசண்டும், கருத்தடையைப் பற்றிய பழைய நூலொன்றை மறுபதிப்புச் செய்த குற்றத்துக்காக நீதிமன்றத்தில் நின்றார்கள். தண்டனை மறு ஆண்டு தொழில்நுட்பக் காரணத்தால் ரத்தானது. ஆனால் பெசண்ட் தன் மகளை வளர்க்கும் உரிமையை இழந்தார். அந்த வழக்கின் சூட்டிலேயே அவர் எழுதிய 'மக்கள்தொகை விதி' என்ற சிறுநூல் லட்சத்துக்கும் மேல் விற்றது. ஏழைப் பெண்களின் துயரத்தை உணர்ந்து துணிவோடு எழுதிய நூல் அது. அதற்காக ஒரு தாய் கொடுத்த விலையை எண்ணினால் மனம் கனக்கிறது. ஆனாலும் மாதத்தின் நடுப்பகுதியில் கரு தங்குவது அரிது என்று அக்கால மருத்துவம் சொன்னதைத்தான் அவரும் எழுதினார். அதே காலத்தில் சென்னையில் நாத்திகம் பேசிய லௌகிக சங்கத்தார், 'தத்துவ விவேசினி' போன்ற இதழ்களை நடத்தியபடி, அளவான குடும்பம் என்ற பேச்சைத் தமிழுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். பிரம்மஞான (தியசாபி) இயக்கத்துக்குத் திரும்பிய பெசண்ட் 1891இல் தன் நூலை விற்பனையிலிருந்து விலக்கிக்கொண்டார். இரண்டு ஆண்டு கழித்து இந்தியா வந்து, பிறகு அடையாறிலேயே தங்கி, 1933இல் அங்கேயே இறந்தார். அவர் கண் மூடுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, அந்தக் கணக்கு தவறு என்று காட்டும் கட்டுரை ஜெர்மன் மொழியில் அச்சேறியிருந்தது.

அந்தத் திருத்தம் ஜப்பானின் மேற்குக் கரையிலுள்ள நீகாதா நகரத்தில் பிறந்தது. தாகேயாமா மருத்துவமனையில் பெண்நோய் மருத்துவராக இருந்த ஒகினோ கியூசாகுவிடம் பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் இல்லை. வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை சிகிச்சை எதுவாக இருந்தாலும், அந்தச் சில நிமிடங்களில் அவர் சினைப்பையைக் கூர்ந்து பார்த்தார். முட்டை வெளியேறிய இடத்தில் மஞ்சள் நிறத் திட்டு ஒன்று உருவாகும். அது இருக்கிறதா, எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டார். பிறகு அந்தப் பெண்களிடமே, கடைசி மாதவிலக்கு எப்போது வந்தது என்று கேட்டார். அதோடு நிற்காமல், அடுத்தது எப்போது வந்தது என்பதையும் கேட்டறிந்தார். இரண்டாவது கேள்வியில்தான் புதிர் அவிழ்ந்தது. அதுவரை எல்லோரும் போன மாதவிலக்கிலிருந்து முன்னோக்கி எண்ணிக்கொண்டிருந்தார்கள். அப்படி எண்ணினால் ஒருத்திக்குப் பத்தாம் நாள், இன்னொருத்திக்கு இருபதாம் நாள் என்று சிதறியது. வரப்போகும் மாதவிலக்கிலிருந்து பின்னோக்கி எண்ணியபோது சிதறல் ஒடுங்கியது. சுழற்சி இருபத்தைந்து நாளோ முப்பத்தைந்து நாளோ, முட்டை வெளிப்படுவது அடுத்த மாதவிலக்குக்குப் பன்னிரண்டு முதல் பதினாறு நாட்களுக்கு முன்பு என்று அவர் கண்டார். 1924இல் ஜப்பானிய மொழியிலும் 1930இல் ஜெர்மனிலும் இதை வெளியிட்டார். ஆஸ்திரியாவின் ஹெர்மன் க்னாஸும் வேறு வழியில் ஆராய்ந்து, ஏறக்குறைய அதே காலத்தில் இதையொத்த முடிவை எட்டினார். அறுவை மேசையில் கிடந்த பெண்கள் தங்கள் நாட்களை நினைவில் வைத்திருந்து சொல்லியிராவிட்டால் ஒகினோவின் கண்டுபிடிப்பே இல்லை. மருத்துவ வரலாறு அவர் பெயரைச் சொல்கிறது. அந்த எண்ணிக்கை யாருடையது என்பதையும் நாம் நினைவில் வைக்க வேண்டும்.

பின்னோக்கி எண்ணும் இந்தக் கணக்கில்தான் பெண்களின் கவலைக்கான வேரும் இருக்கிறது. அடுத்த மாதவிலக்கு வந்த பிறகுதான், போன மாதம் முட்டை எப்போது வெளிவந்தது என்று நிச்சயமாகச் சொல்ல முடியும். முன்கூட்டியே சொல்வதெல்லாம் பழைய மாதங்களை வைத்துப் போடும் மதிப்பீடு. காய்ச்சல், இடமாற்றம், மன உளைச்சல், எடைக்குறைவு என்று எதுவும் முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடலாம். முட்டை தள்ளினால் மாதவிலக்கும் தள்ளும். 'இந்த மாதம் ஏன் இன்னும் வரவில்லை' என்று ஒருத்தி பதறும்போது, அவள் பயப்படும் காரணமும் இருக்கலாம், முட்டையே தாமதமாக வந்திருக்கலாம். நாள் எண்ணுவதால் மட்டும் இரண்டையும் பிரித்தறிய முடியாது. முட்டை ஒரு நாளுக்கு மேல் தாங்காது, விந்தணு ஐந்து நாள் வரை உடலுக்குள் உயிரோடு இருக்கக்கூடும். ஆகவே கரு தங்க வாய்ப்புள்ள நாட்கள் முட்டை வெளிவரும் நாளையும் சேர்த்து ஆறு என்று அமெரிக்காவில் வில்காக்ஸ் குழுவினர் 1995இல் நிறுவினார்கள். அதே குழு 2000இல் இன்னொன்றையும் காட்டியது. பத்தாம் நாளிலிருந்து பதினேழாம் நாள் வரைதான் கரு தங்கும் காலம் என்று கையேடுகள் சொல்லிவந்தன. அந்த எல்லைக்குள் ஆறு நாட்களும் முழுமையாக அடங்கியவர்கள் நூற்றுக்கு முப்பது பேர் மட்டுமே. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறது என்று சொன்ன பெண்களிடமும் இந்த மாறுபாடு இருந்தது. எனவே நாட்களை எண்ணிக்கொண்டு பதறும் பெண்ணை அறியாமை உள்ளவள் என்று ஒதுக்குவது அநியாயம். அவளுடைய சந்தேகம் அறிவியலின் சந்தேகம்தான்.

ஒகினோ தன் கண்டுபிடிப்பைக் குழந்தை வேண்டித் தவிப்பவர்களுக்காகவே முன்வைத்தார். அதைக் கருத்தடைக்குப் பயன்படுத்துவதை அவர் விரும்பவில்லை, அது தவறும் வாய்ப்பு அதிகம் என்பதை அவரே அறிந்திருந்தார். ஆனால் கணக்கு அவர் கையைவிட்டுப் போய்விட்டது. ஸ்முல்டர்ஸ் என்ற டச்சு மருத்துவர் அதைக் கருத்தடை அட்டவணையாக்கினார். சிகாகோவில் லியோ லாட்ஸ் 1932இல் எழுதிய நூல் கத்தோலிக்கக் குடும்பங்களில் பரவியது. 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் மருத்துவச்சிகளிடம் பேசியபோது, தக்க காரணம் இருந்தால் இந்த வழியைக் கைக்கொள்ளலாம் என்றார். பிரான்சில் கணக்குத் தப்பிப் பிறந்த குழந்தைகளுக்கு 'ஒகினோ குழந்தைகள்' என்றே பெயர் வந்தது.

இந்தியாவில் இந்தக் கணக்கு காந்தியத்தின் கதவு வழியாக நுழைந்தது. 1935 டிசம்பரில் அமெரிக்கக் கருத்தடை இயக்கத்தின் முன்னோடி மார்கரெட் சாங்கர் வார்தாவுக்கு வந்து காந்தியைச் சந்தித்தார். கருத்தடைச் சாதனங்களைக் காந்தி ஏற்கவில்லை. ஆனால் நாட்களைப் பார்த்து விலகியிருக்கும் முறையில் ஓரளவாவது சுயகட்டுப்பாடு இருக்கிறது என்பதால், மற்றவற்றைப் போல அது தன்னை வெறுப்படையச் செய்யவில்லை என்றார். சுதந்திர இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் காந்தியின் சீடர். அரசு செலவில் கருத்தடை என்றால் அது இந்த முறையாக மட்டுமே இருக்கட்டும் என்ற நிலையில் அவர் நின்றார். தமிழ்நாட்டில் இதற்கு முன்பே வேறொரு குரல் எழுந்திருந்தது. 1930களின் தொடக்கத்தில் 'குடி அரசு' இதழில் கர்ப்பத்தடையைப் பற்றி எழுதிய பெரியார், மற்றவர்கள் பெண்ணின் உடல்நலத்தையும் நாட்டின் வறுமையையும் குடும்பச் சொத்தையும் காரணமாகக் காட்டுகிறார்கள், தனக்கோ பெண்ணின் விடுதலையே காரணம் என்று பிரித்துச் சொன்னார். அதே ஆண்டுகளில் சென்னையில் நீதிபதி வேபா ராமேசம் போன்ற பெரிய மனிதர்கள் முன்னின்று நடத்திய சங்கம், மக்கள்தொகையையும் வறுமையையும் முன்வைத்து வாதாடியது. அரசாங்கத்துக்குப் புரிந்த மொழி சங்கத்தாருடையது. பெரியார் கேட்ட கேள்வி அரசின் எந்தத் திட்ட ஏட்டிலும் இடம்பெறவில்லை.

1951இல் இந்திய அரசு கேட்டுக்கொண்டபடி உலக சுகாதார நிறுவனம் ஆபிரகாம் ஸ்டோன் என்ற அமெரிக்க மருத்துவரை அனுப்பியது. அவர் நாள் கணக்கு முறையைச் சோதித்துப் பார்க்க இரண்டு இடங்கள் தேர்வாயின. ஒன்று டெல்லியில் அரசு ஊழியர் குடியிருப்பான லோதி காலனி. மற்றது பெங்களூரிலிருந்து மைசூர் போகும் வழியிலுள்ள ராமநகரம். எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்காக ஸ்டோன் ஒரு மணிமாலையை வடிவமைத்தார். இருபத்தெட்டு மணிகள். மாதவிலக்கு நாட்களுக்கு ஆரஞ்சு, பயமில்லாத நாட்களுக்குப் பச்சை, கரு தங்கக்கூடிய நாட்களுக்குச் சிவப்பு. தினமும் ஒரு மணியை நகர்த்த வேண்டும். யோசனை அழகாகத்தான் இருந்தது. இரவு விளக்கணைந்த வீட்டில் பச்சையும் சிவப்பும் ஒன்றாகத்தான் தெரியும் என்பது பிறகே புரிந்தது. அதனால் தடவிப் பார்த்தே தெரிந்துகொள்ளும்படி மணியின் வடிவத்தை மாற்றினார்கள், ஒன்று உருண்டை, மற்றது சதுரம். மணி எந்தப் பக்கம் நகர வேண்டும் என்ற குழப்பம் வந்தபோது, ஒரே திசையில் மட்டும் நகரும்படி ஒரு தடுப்பு வைத்தார்கள். சில பெண்கள் மாலையை ஒரு தாயத்தாக எடுத்துக்கொண்டு, மணியைப் பச்சைப் பக்கம் தள்ளிவிட்டாலே போதும் என்று நம்பியதாகவும் சொல்லப்பட்டது. கழுத்தில் போட்டால் ஊருக்கே சேதி தெரியும், சுவரில் மாட்டினால் மாமியார் கேட்பார், பெட்டியில் வைத்தால் நகர்த்த மறந்துவிடும். கற்றுக்கொள்ள விருப்பம் என்று சொன்ன பெண்கள் பெரும்பான்மையோர். தொடர்ந்து கடைப்பிடித்தவர்கள் மிகச் சிலர். ஓரிரு ஆண்டுகளில் சோதனை முடிவுக்கு வந்தது. முதல் ஐந்தாண்டுத் திட்டம் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஒதுக்கியிருந்த அறுபத்தைந்து லட்சம் ரூபாயில் இந்த மாலைகளும் அடங்கும்.

பிறகு இந்த மாலையின் கதை, படிக்காத இந்தியப் பெண்ணுக்கு எதையும் கற்றுக்கொடுக்க முடியாது என்பதற்கு உதாரணமாக உலகெங்கும் சொல்லப்பட்டது. அந்த முடிவை நான் ஏற்கவில்லை. நிலவின் வளர்பிறை தேய்பிறையையும், நாற்று நட்ட நாளையும், பசு சினைப்பட்ட நாளையும் விரல் மடக்கிக் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு இருபத்தெட்டு மணிகளை எண்ணுவது பெரிய வித்தையாக இருந்திருக்காது. தடைகள் வேறு இடத்தில் இருந்தன. முதலாவது, ஒரு கர்ப்பத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் நடுவே பால் கொடுத்துக்கொண்டே காலத்தைக் கழித்த பெண்ணுக்குப் பல மாதங்கள் மாதவிலக்கே வராது. எந்த நாளை முதல் மணியாக வைத்து அவள் தொடங்குவாள்? மீண்டும் மாதவிலக்கு வருவதற்கு முன்பே முட்டை வெளிவந்துவிடலாம், மாலை அதைக் காட்டாது. இரண்டாவது, மாதவிலக்கு எல்லோருக்கும் இருபத்தெட்டாம் நாள் வந்து நிற்பதில்லை. மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. சிவப்பு மணி நாளன்று 'இன்றைக்கு வேண்டாம்' என்று அவள் சொன்னால் கணவன் கேட்க வேண்டும். மாதவிலக்கின் மூன்று நாட்கள் விலகியிருக்க வேண்டும் என்று மதமும் வழக்கமும் ஆணுக்குக் கட்டளையிட்டிருந்தன, அதை அவன் மீறவில்லை. ஏனென்றால் மீறினால் அவனுக்குத் தீட்டு. கருவைச் சுமக்கப்போகிறவள் தன் காரணத்துக்காக ஐந்தாறு நாள் விலகச் சொன்னால், அதற்குப் பின்னால் நிற்க எந்தக் கட்டளையும் இல்லை. மாலை பெண்ணின் கையில் கொடுக்கப்பட்டது, முடிவு அவள் கையில் கொடுக்கப்படவில்லை. லோதி காலனியில் இருந்தவை படித்த அரசு ஊழியர் குடும்பங்கள். அங்கும் இந்த முறை நிலைக்கவில்லை என்பதே எழுத்தறிவுக் காரணத்தை அடிபட வைக்கிறது.

ஆனால் அரசுகள் எடுத்துக்கொண்ட பாடம், நம்பி விட முடியாத மனுஷியைச் சாராத முறைகள் வேண்டும் என்பதுதான். சென்னை மாநிலம் இதில் முன்னோடி. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்து, பிறகு சென்னையில் தலைமைச் செயலாளராக இருந்த ஆர்.ஏ. கோபாலசாமி, அறுவை சிகிச்சைக்கு ஊக்கத்தொகை கொடுக்கும் வழியை 1950களின் பிற்பகுதியில் முன்னெடுத்தார். முதலில் ஆண்களை நோக்கியிருந்த அந்தத் திட்டம், நெருக்கடி நிலைக் காலக் கட்டாய அறுவைக் கொடுமைகளுக்குப் பின் ஏறக்குறைய முழுவதும் பெண்கள் பக்கம் திரும்பியது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் 'ஆபரேஷன்' செய்துகொண்டவர்கள். பிள்ளைப்பேற்றில் இறக்கும் பெண்கள் குறைந்ததில் அதற்குப் பங்கு உண்டு, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்தக் கத்தி வருவது இரண்டு பிள்ளைகளுக்குப் பிறகு. அதற்கு முந்தைய ஆண்டுகளில் பெரும்பாலோரிடம் இருப்பது பழைய எண்ணிக்கை மட்டுமே. கரு தங்கக்கூடிய நாட்கள் எவை என்று தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு கேட்கும்போது, பெரும்பாலான பெண்கள் தவறான பதிலையே சொல்கிறார்கள். மாதவிலக்கு முடிந்த கையோடு என்று சொல்பவர்கள் அவர்களில் ஏராளம். சொரானஸும் பெசண்டும் சொன்ன பதில் இன்னும் நம் தெருக்களில் உயிரோடு இருக்கிறது.

'இப்போதுதான் மருந்துக் கடையில் சோதனை அட்டை கிடைக்கிறதே, பழைய கணக்கு எதற்கு' என்று கேட்பவர்கள் உண்டு. அந்த அட்டை எவ்வளவு பெரிய விடுதலை என்பதை அதற்கு முந்தைய காலத்தைப் பார்த்தால் தெரியும். 1920களின் இறுதியில் பெர்லினில் ஆஷ்ஹைமும் சோண்டெக்கும் பெண்ணின் சிறுநீரைச் சுண்டெலிக்குச் செலுத்தி, சில நாள் காத்திருந்து, அதை அறுத்துப் பார்த்துக் கர்ப்பத்தை உறுதி செய்தார்கள். அடுத்து வந்தது தவளைச் சோதனை. பிறகு, மாத்திரை கொடுத்து இரத்தம் வருகிறதா என்று பார்க்கும் பழக்கம் பரவியது. அதிக அளவு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் கலந்த அந்த மாத்திரைகளைக் கருக்கலைப்பு மாத்திரை என்று நம்பி விழுங்கிய பெண்கள் நம் நாட்டில் ஏராளம். மகளிர் அமைப்புகளின் நெடிய போராட்டத்துக்குப் பிறகு 1988இல் இந்திய அரசு அவற்றைத் தடை செய்தது. இன்றைய அட்டையில் இரண்டு கோடு விழுந்தால் விஷயம் தெரிந்துவிடும். ஆனால் கரு பதிந்து, அதன் ஹார்மோன் சிறுநீரில் சேர்ந்த பிறகுதான் கோடு விழும். நடந்ததைத்தான் அது சொல்லும், நடக்கப்போவதைச் சொல்லாது. எந்த நாளில் சோதித்தால் அதன் பதிலை நம்பலாம் என்பதற்கும் முட்டை வெளிவந்த நாளைப் பற்றிய அறிவே வேண்டியிருக்கிறது. நாள் தள்ளுவதற்கு முன்பே சோதித்துவிட்டு, ஒரு கோட்டைப் பார்த்து நிம்மதியடைந்து, அடுத்த மாதம் இடிந்து போகும் பெண்ணுக்கு அட்டை பொய் சொல்லவில்லை. அவள் கேட்ட நேரம் சரியில்லை. அதை அவளுக்குச் சொல்ல யாரும் இருந்திருக்கவில்லை. 1971ஆம் ஆண்டுச் சட்டம் கருக்கலைப்புக்கு வழி திறந்ததும், 2022இல் உச்ச நீதிமன்றம் இருபத்து நான்கு வார வரம்பு திருமணமாகாத பெண்ணுக்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்ததும் பெரிய காரியங்கள். அந்த வாரங்களும் கடைசி மாதவிலக்கு நாளிலிருந்தே எண்ணப்படுகின்றன.

இன்னொரு மறுப்பு மருத்துவர்களிடமிருந்து வரும். தவறும் முறையைக் கற்றுக்கொடுத்தால் அதை நம்பிக் கெட்டுப்போவார்கள் என்பது அது. இந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. அதற்கான விடை தவறும் அளவையும் சேர்த்துச் சொல்வதுதான், மூடி மறைப்பது அல்ல. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸ்டோனுடையதைப் போன்ற மணிமாலை ஒன்றைக் கையில் எடுத்தார்கள். இந்த முறை மணிகள் முப்பத்திரண்டு. சுழற்சி இருபத்தாறு முதல் முப்பத்திரண்டு நாட்களுக்குள் இருக்கும் பெண்களுக்கு மட்டுமே பொருந்தும் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள். எட்டாம் நாளிலிருந்து பத்தொன்பதாம் நாள் வரையுள்ள பன்னிரண்டு மணிகள் வெள்ளை, இருட்டில் ஒளிரும். மணிகளுக்கு மேல் ஒரு ரப்பர் வளையம், தினமும் ஒரு மணி நகரும். சுழற்சி எல்லையை விடச் சிறிதாகிவிட்டதா என்று எச்சரிக்க, கடைசிப் பகுதியில் நிறம் வேறான ஒரு மணி. விதியைத் தவறாமல் கடைப்பிடித்தால் ஓராண்டில் நூறு பெண்களில் ஐந்து பேருக்கும் குறைவாகவும், வழக்கமான தவறுகளோடு பன்னிரண்டு பேருக்கும் கரு தங்கியது. மாத்திரையோ காப்பர்-டியோ தரும் பாதுகாப்பு இதில் இல்லை. கருவுறவே கூடாத நிலையிலிருக்கும் பெண் இதை நம்பி இருக்கக் கூடாது. இந்தியாவில் 'மாலா சக்ரா' என்ற பெயரில் இது வந்தபோது, கணவன்மாரையும் உட்காரவைத்து விளக்கினார்கள். 1952இல் ராமநகரத்தில் விடுபட்டுப்போன ஆள் அவன்தான்.

நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒரு பெண் பிள்ளைப்பேற்றுக்காகப் பெயர் பதிய வரும்போது, பெயருக்கும் முகவரிக்கும் அடுத்து ஒரு கட்டம் இருக்கிறது: கடைசி மாதவிலக்குத் தேதி. கிராம சுகாதார செவிலியர், 'கடைசியா எப்போம்மா தலைக்குக் குளிச்சே?' என்று கேட்டு அதை நிரப்புவார். அந்தத் தேதியோடு இருநூற்றெண்பது நாட்களைக் கூட்டிப் பிரசவ நாளைக் குறித்து அட்டையில் எழுதிக் கொடுப்பார். வந்த பெண் யோசிக்காமல் பதில் சொல்வாள், அமாவாசைக்கு மறுநாள் என்றோ, தம்பி கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை என்றோ. பதிமூன்று வயதிலிருந்து அவள் மனதில் வைத்திருக்கும் தேதிகள் அவை. அவற்றில் ஒன்றை அரசாங்கம் முதன்முதலாகக் கேட்டு எழுதிக்கொள்வது, அவள் முழுகாமல் போன பிறகு.